நாளைக்கு சாரின் நாற்காலி

இந்தக் காலத்தில் எவனுக்கும் உட்காரத் தெரியவில்லை.

நாற்காலி என்று ஒன்றைக் கொடுத்தால் அதன் நுனியில் தொற்றிக்கொண்டு கிடக்கிறான். இல்லாவிட்டால் கைப்பிடிமேல் ஏறிக்கொண்டு, உட்கார வேண்டிய இடத்தில் செருப்புக் காலை வைக்கிறான். முதுகு சாய்வதற்கென்று ஒருத்தன் மெனக்கெட்டு அடைத்துத் தைத்துக் கொடுத்தால், அதில் பையை மாட்டிவிட்டுத் தான் மட்டும் கூன் போட்டுப் போனைப் பார்க்கிறான். நாற்பத்தாறு வருடமாக அடுத்தவர் உட்காருவதற்காகவே ஊசி பிடித்த மனிதருக்கு இதையெல்லாம் பார்த்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

குஷன்காரருக்கு எரிந்தது. கல்லூரி திறக்கும் நாள். காலை எட்டரை மணிக்கே வாசலுக்கு உள்ளே, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். சிமெண்ட்டில் தைக்க ஒன்றுமில்லை என்பதால் அந்த மேடைமேல் மட்டும் அவருக்குக் குறை இல்லை.

எதிரே நாற்பது ஐம்பது இருசக்கர வண்டிகள். அதில் பாதிக்கு இருக்கை கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே எட்டிப் பார்த்தது. ஒருத்தன் கிழிசல்மேல் பிளாஸ்டிக் பையை இழுத்து மாட்டியிருந்தான். இன்னொருத்தன் கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொண்டான். இவன் என்ன படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று குஷன்காரர் நினைத்துக்கொண்டார்.

அவர் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் போன வாரம் தவறவிட்டவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவர் மகளுக்கு வயது நாற்பத்தொன்று. வீட்டில் இன்னமும் பாப்பாதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தியவள். அவள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள், பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும். "ஒரு வருஷம் நில்லு" என்றார் அப்பா. நின்றாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்புறம் கல்யாணம், அப்புறம் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து, வாலு என்று பேரெடுத்து, அதே கல்லூரியில் இப்போது இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வருடம் மட்டும் இன்னும் முடியவில்லை.

பாதியில் விட்டவர்கள் திரும்பி வந்து முடிக்கலாம் என்று கல்லூரியில் இந்த வருடம் ஒரு விதி போட்டார்கள். பாப்பா யாரிடமும் மூச்சு விடாமல் மனுப் போட்டு மூன்றாம் வருடத்தில் இடம் வாங்கிவிட்டாள். ஒரே ஒரு முட்டுக்கட்டை. பழைய மார்க் ஷீட்டின் அசலைத் திறக்கும் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். நகலுக்கு மனுப் போட்டால் மூன்று மாதம்.

அசல் எங்கே என்றால், குஷன்காரர் பத்திரமாக வைத்திருந்தார். அங்கேதான் வினை.

அவர் பீரோவை நம்பமாட்டார். சாவி செய்தவன் இன்னொரு சாவி வைத்திருப்பான் என்பார். தெரிந்தவர் கையில் கொடுக்கமாட்டார். தெரியாதவர் பக்கத்திலேயே போகமாட்டார். வீட்டுக் காகிதம் எதுவானாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாற்காலிக் குஷனுக்குள் வைத்து, நாலு பக்கமும் தைத்துவிடுவார். போன வாரம் வீட்டில் இருந்த ஐந்து குஷனையும் பிரித்துப் போட்டார்கள். வீட்டுப் பத்திரம் கிடைத்தது. பாப்பா குழந்தையாக இருந்தபோது ஊசி போட்ட அட்டை கிடைத்தது. செத்துப் பதினைந்து வருடமான ரேடியோவின் உத்தரவாதச் சீட்டுகூடக் கிடைத்தது. மார்க் ஷீட் இல்லை.

"அம்மா நாற்காலியோட குஷன் ஒண்ணு இருந்துதே. பட்டறை மேல்தட்டுல. அது எங்கப்பா?" என்று பாப்பா கேட்டாள்.

"எலி கடிச்சிருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். போன வாரம் அந்த இடத்தில்தான் நின்றோம்.

இன்று காலை பாப்பா கிளம்பினாள். காகிதம் இல்லாமலே போய், கெஞ்சி நாள் கேட்கலாம் என்று. "நானும் வர்றேன்" என்றார் அவர்.

"நீ எதுக்குப்பா?"

"போன வருஷ லீவுல காலேஜுக்கு நாற்காலி தைச்சேன்ல. எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத நாற்காலிமேல் இன்றைக்கு என்ன திடீர் அக்கறை என்று பாப்பா கேட்கவில்லை. ஆறு குஷனில் ஐந்து போனால் மிச்சம் எத்தனை என்ற கணக்கு அவருக்கும் தெரியும். அதைத் தனக்குள்ளே கூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு மனசில்லை.

கல்லூரி வாசலில் வாலு அம்மாவை நிறுத்தினாள். பாப்பாவின் முதுகில் வாலு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய பை. ஜிப்பில் முயல்குட்டி பொம்மை ஒன்று தொங்கியது.

"அம்மா, ஒரே ஒரு உதவி. காலேஜுக்குள்ள என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போயிடு."

"நான் தேர்ட் இயர். நீ செகண்ட் இயர். சீனியரைப் பார்த்தா நீதான் குட் மார்னிங் சொல்லணும்."

"தாத்தா, நீயாவது எடுத்துச் சொல்லேன்."

"நான் நாற்காலி பார்க்க வந்த ஆள். எனக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாது" என்றார் குஷன்காரர்.

அப்படி மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்களாக உள்ளே போனார்கள்.

மேடையில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு மாத லீவுதான். அதற்குப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கதறிய கதறலைப் பார்த்தால் கப்பல் கவிழ்ந்து தப்பி வந்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நேற்று சாயங்காலம்கூடப் போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசியிருப்பார்கள். எல்லார் கையிலும் ஆளுயரத் தண்ணீர் பாட்டில். பைக்குள்ளே நோட்டு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

அறிவிப்புப் பலகையில் எந்த வகுப்புக்கு எந்த அறை என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட நின்று படிக்கவில்லை. வந்தார்கள், போனைத் தூக்கினார்கள், படம் எடுத்தார்கள், நாலடி தள்ளிப் போய்ப் பக்கத்தில் இருப்பவனிடம் "எந்த ரூம்டா?" என்றார்கள். அவனும் படம்தான் எடுத்து வைத்திருந்தான்.

குஷன்காரர் நாலாம் வகுப்புக்கு மேல் போனதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வேறு வேலை இல்லாததால் பலகைக்கு எதிரே நின்று, விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். அதனால் அன்று காலை அந்தக் கல்லூரியில் எந்த வகுப்பு எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அவராகிப்போனார்.

"தாத்தா, ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி?"

"மாடி. இடது பக்கம் மூணாவது."

"தாத்தா, லைப்ரரி எப்போ திறப்பாங்க?"

"புதன்கிழமை. நீ போகப்போறியா என்ன?"

கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி ஒரு சின்னப் பையன் வந்து, "மூன்றாம் வருட வரலாறு எந்த அறைங்க ஐயா?" என்றான்.

"பதினேழு. ஓடு தம்பி, மணி அடிச்சாச்சு. வாத்தியார் வந்துடுவாரு."

"நான்தாங்க வாத்தியார்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். குஷன்காரர் அதை நம்பவில்லை.

பத்தரை மணிக்கு வாலு வந்தாள். வரும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தாத்தா, உன் பொண்ணு பண்ணின கூத்து தெரியுமா? கிளாசுக்குள்ள நுழைஞ்சதும் மொத்தப் பேரும் டப்புனு எழுந்து நின்னுட்டாங்களாம். டீச்சருன்னு நினைச்சு. அம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? பின்னாடி யாரோ வாத்தியார் வர்றாருன்னு திரும்பிப் பார்த்துட்டு, தானும் ஒரு பெஞ்சுப் பக்கத்துல விறைப்பா நின்னுடுச்சாம். அறுபது பேரும் நிக்கிறாங்க. உட்காருங்கன்னு சொல்ல ஆளே இல்ல. அஞ்சு நிமிஷம்."

"அப்புறம்?"

"நிஜ வாத்தியார் வந்தாரு. சின்ன ஆளு. அம்மாவைப் பார்த்து வெலவெலத்துப் போயி, 'இன்ஸ்பெக்‌ஷன் இன்னைக்கா மேடம்?'னு கேட்டாராம்."

குஷன்காரருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டார். "பிள்ளைங்க சிரிச்சாங்களா?"

"காலேஜ் பூரா சிரிக்குது. எங்க கிளாஸ் வரைக்கும் வந்துடுச்சு."

"நீ?"

வாலு பாட்டில் மூடியைத் திருகினாள். திரும்பத் திருகினாள். "என் ஃப்ரெண்டு கேட்டா, யாருடி அந்த ஆன்ட்டின்னு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அதைக் கண்டிக்கும் தகுதி தனக்கு இன்றைக்கு இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்கலாம்.

பதினொன்றேகாலுக்கு இடைவேளை. பாப்பா வகுப்பிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போவதைப் பார்த்து அவரும் எழுந்து பின்னால் போனார். வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. பாப்பா கடைசியில் நின்றுகொண்டாள். அவர் நாற்காலி பார்க்க வந்தவர் என்ற உரிமையில் வரிசையைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரோரம் நின்றார்.

உள்ளே தலைமைக் குமாஸ்தா. நல்ல ஆகிருதி. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நாளைக்கு சார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு வா" என்பார். அவர் இன்றைக்கு என்று சொன்ன ஒரே காரியம் இந்தப் பன்னிரண்டு மணிக் கெடுதான்.

நாளைக்கு சார் எழுந்து, பின்னால் இருந்த அடுக்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

மொறமொற.

குஷன்காரருக்கு முதுகுத்தண்டில் ஊசி இறங்கிய மாதிரி இருந்தது.

"வாங்க பெரியவரே" என்றார் நாளைக்கு சார். "கேட்டீங்களா? காஞ்ச சருகு மேல உட்கார்ந்த மாதிரி. ஒரு வருஷமா இதான். மூணு தடவை ஆள் விட்டுச் சொன்னேன். நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"புது ஸ்பாஞ்ச். பழகற வரைக்கும் பேசும்" என்றார் குஷன்காரர்.

இருக்கைகள் போடும் சத்தம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. சுருள் கம்பி முனகும். நார் சரசரக்கும். ஸ்பாஞ்ச் ஊமை, புதிதானாலும் பழையதானாலும் வாயே திறக்காது. மொறமொறப்பது பிளாஸ்டிக் உறை ஒன்றுதான்.

போன வருட லீவில் நாற்பத்தொரு நாற்காலி. நாற்பதுக்குப் புது ஸ்பாஞ்ச் போட்டார். நாற்பத்தொன்றாவதுக்குத் துண்டு விழுந்தது. அது நாளைக்கு சாருடையது. வேலை ஆணைக்காக அவரை நாலு நாள் நாளைக்கு நாளைக்கு என்று அலைய வைத்த மனிதர். இவருக்கு இது போதும் என்று, மேல்தட்டில் கிடந்த மனைவியின் பழைய குஷனை அப்படியே வைத்து, மேலே கறுப்பு ரெக்சினைப் போர்த்தித் தைத்துவிட்டார். "எல்லாமே புதுசு சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். ஊரில் இருப்பவன் எல்லாம் ஏமாற்றுக்காரன் என்று நாற்பத்தாறு வருடம் பேசியவர், வாழ்க்கையில் செய்த ஒரே ஏமாற்று வேலை இது. அதன்மேல்தான் நாளைக்கு சார் ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. பாப்பாவுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர்.

"சார், அந்த நாற்காலியை ஒரு நிமிஷம் கொடுங்க. சத்தத்தை நிறுத்தித் தர்றேன்."

"நல்லா இருக்கே. ஒரு வருஷம் வராதவர் இன்னைக்குத்தான் வரணுமா? வரிசையைப் பாருங்க. நாளைக்கு வாங்க."

"உள்ள ஆணி ஒண்ணு நிமிர்ந்திருக்கும்னு சந்தேகம்."

"நான் உட்கார்ந்தா ஆணி தானா உள்ள போயிடும்."

"மூட்டைப்பூச்சி வந்திருக்கலாம் சார்."

"ஒரு வருஷமா கடிக்காத பூச்சி இன்னும் அரை மணி நேரம் பொறுக்கும்." அடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

பாப்பா முன்னால் வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

"அசல் மார்க் ஷீட்?" என்றார் நாளைக்கு சார்.

"சார், வீட்ல தேடிட்டே இருக்கோம். எங்க வெச்சோம்னு தெரியல. நாளைக்குக் கொண்டுவந்து..."

வரிசை கொல்லென்று சிரித்தது. நாளைக்கு சாரிடமே ஒருவர் நாளைக்கு என்று சொன்னதை அவர்கள் இதுவரை கேட்டதில்லை. பாப்பாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. காலையில் சிரித்த சிரிப்பின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். காது மடல் சிவந்தது.

நாளைக்கு சார் சிரிக்கவில்லை. "அம்மா, என் கையில இருந்தா நாளைக்கென்ன, அடுத்த மாசம்னு சொல்லியிருப்பேன். இது மேலிடத்து உத்தரவு. பன்னிரண்டு அடிச்சதும் அடுத்த ஆளுக்குப் போன் பண்ணியாகணும். அந்தப் பொண்ணும் எங்கியோ போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும் பாருங்க."

பாப்பா தலையாட்டினாள். நகரவில்லை. கால் நகரவில்லை என்பதுதான் சரி.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்களுக்கும் வேலை இருக்கு" என்றான் பின்னால் நின்றவன்.

"ஆன்ட்டி இல்ல" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். வாலு. மூச்சு வாங்கியது, முகம் அம்மாவைவிடச் சிவந்திருந்தது. கூடவே அவள் தோழிகள் இரண்டு பேர் கண்ணை விரித்துக்கொண்டு நின்றார்கள். "தேர்ட் இயர். உனக்கு சீனியர். எங்கம்மா. அவங்க வேலை முடியற வரைக்கும் நீ நில்லு."

பாப்பா திரும்பி மகளைப் பார்த்த பார்வையைக் குஷன்காரர் சுவரோரத்திலிருந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார். அவருடைய செருப்பில் பார்க்கும்படி ஒன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், அதுல புது ஸ்பாஞ்ச் இல்ல."

"எதுல?"

"நீங்க உட்கார்ந்திருக்கறதுல. பழசு. என் வீட்டுப் பழசு. புதுசுன்னு சொன்னேன். பொய் சொன்னேன்." ஒவ்வொரு சொல்லாக, தையல் பிரிப்பது போலச் சொன்னார். "எலி கடிக்கல பாப்பா. அதுவும் பொய். உன் காகிதம் இவருக்கு அடியில இருக்கு."

பேனா நாளைக்கு சார் கையிலேயே நின்றது. வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எழுந்திருங்க சார்" என்றார் குஷன்காரர். "மணி ஆகுது."

நாளைக்கு சார் எழுந்தார். மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் கேட்டதும் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

குஷன்காரர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து அடிப்பக்கத்துத் தையலில் வைத்தார். அவர் போட்ட தையல், சுலபத்தில் விடவில்லை. கறுப்பு ரெக்சின் பிளந்ததும் உள்ளே வெளிர்ப் பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட துணி தெரிந்தது.

"அம்மா நாற்காலி" என்றாள் பாப்பா. யாரிடமும் சொல்லவில்லை.

பூத்துணியின் ஓரத்தையும் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். மொறமொறத்தபடி உறை வெளியே வந்தது. பாப்பா கையில் கொடுத்தார். அவள் அவசரமாகப் பிரித்தாள். உள்ளே மார்க் ஷீட் மடியாமல் விரித்தபடி இருந்தது. கூடவே நாலாக மடித்த இன்னொரு காகிதம். அது நழுவிக் கீழே விழுந்தது. குஷன்காரர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

நாளைக்கு சார் மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். "ஒரு சுருக்கம் இல்ல. இஸ்திரி போட்ட மாதிரி."

"நீங்கதான் சார் போட்டீங்க" என்றாள் வாலு.

"எண்பத்தொண்ணு, எழுபத்தாறு, தொண்ணூத்திரெண்டு" என்று வாய்க்குள் படித்தார். "ஒரு வருஷமா நான் இதுமேலதான் உட்கார்ந்திருந்தேனா. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மரியாதையா உட்கார்ந்திருப்பேன்."

முத்திரையை எடுத்துக் குத்தினார். பதினொன்று ஐம்பத்தேழு. வராந்தாவிலிருந்து யாரோ கைதட்ட, என்ன ஏது என்று தெரியாமலே மற்றவர்களும் தட்டினார்கள். தங்கள் வரிசை நகரும் என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம்.

அந்தச் சந்தடியில் குஷன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி மடித்த காகிதத்தைப் பிரித்தார். சாய்ந்து சாய்ந்து விழும் எழுத்து. அவர் மனைவியின் எழுத்து. விரலை வைத்துப் படித்தார். கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு. மகளைப் படிப்பைத் தொடர அனுமதிக்க வேண்டும் என்று. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தன் அக்கா வரச் சம்மதித்துவிட்டாள், பிள்ளையின் படிப்பு தன்னால் கெட வேண்டாம் என்று. கீழே, தந்தையின் கையொப்பம் என்று எழுதி, பக்கத்தில் வெற்றிடம். எங்கே போட வேண்டும் என்று அவருக்குத் தெரிவதற்காகப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

படுக்கையிலிருந்து அவள் அந்த உறையை நீட்டியது ஞாபகம் வந்தது. "பாப்பா காலேஜ் காகிதம். பாருங்க" என்றாள். அவர் பார்க்கவில்லை. எந்தக் காகிதத்துக்கும் செய்வதையே அதற்கும் செய்தார், அவளுடைய நாற்காலியிலேயே வைத்துத் தைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவில்லை என்று நினைத்திருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் இருந்தாள், போனாள்.

காகிதத்தை மடித்து, பாப்பா மேஜையில் வைத்திருந்த உறையை எடுத்து அதற்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊசியை எடுத்து, நாற்காலியை வேகமாக மூடித் தைத்தார். கடைசி முடிச்சு போடும்வரை தலை நிமிரவில்லை.

நாளைக்கு சார் உட்கார்ந்து பார்த்தார். சத்தமில்லை. ஒருமுறை அசைந்தும் பார்த்தார்.

"பெரியவரே, போகாதீங்க. இந்தக் காலேஜ்ல புது ஸ்பாஞ்ச் போட்ட நாற்பது நாற்காலியும் பள்ளம் விழுந்து கிடக்கு. விழாதது இது ஒண்ணுதான். அடுத்த லீவுல மத்ததுக்கும் இதே மாதிரி கெட்டியா பார்த்துப் போட்டுக் கொடுங்க."

"பொய் சொன்னவன்கிட்டயா வேலை கொடுக்கறீங்க?"

"வந்து சொன்னீங்கல்ல."

குஷன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் சும்மா இருக்கமாட்டான், உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் பாப்பா காத்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கீழ விழுந்துதே இன்னொரு காகிதம். அது என்ன?"

"ஒண்ணுமில்ல. பழசு."

"அம்மா எழுத்து மாதிரி இருந்துது."

"மணி அடிச்சாச்சு பாப்பா. முதல் நாளே லேட்டா போனா நிக்க வெச்சிடுவாங்க."

"காலையிலயே நின்னாச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "வீட்ல இருக்கற அஞ்சையும் தைச்சு மூடியாச்சு. புதுசா எதையும் பிரிச்சு உள்ள வெச்சிடாதப்பா. சாயங்காலம் வந்து கேட்பேன்."

"வாங்க சீனியர்" என்று வாலு அம்மா முதுகிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் படியேறிப் போனார்கள். முயல்குட்டி ஆடிக்கொண்டே போனது. நடுவில் ஒருமுறை பாப்பா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வாசலை நோக்கி நடந்தார். வண்டிகளுக்கு நடுவே ஒரு பையன் இருக்கைமேல் காலை வைத்து, பெட்ரோல் டாங்கிமேல் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் குதித்து இறங்கி, "வகுப்பு இருக்கற அறையெல்லாம் சொன்னீங்களே தாத்தா. வாங்க, இப்படி உட்காருங்க" என்றான்.

குஷன்காரர் இருக்கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கேட்காமல் ஒருத்தன் இடம் கொடுக்கிறான் என்றால் எதற்கு? "முதல்ல உன் செருப்புத் தடத்தைத் துடைடா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

நடக்க நடக்கச் சட்டைப் பையில் மொறமொறத்தது. கையால் அழுத்திப் பார்த்தார். அடங்கவில்லை. பழகற வரைக்கும் பேசும் என்று ஒரு வருடமாக அடுத்தவருக்குச் சொல்லி அனுப்பியவர்தான். இப்போது அதை அவரே நம்பவில்லை.